கொழுத்த குட்டிக்கு வரும் துள்ளுமாரி

கல்வராயன் மலையில் கோடை கழிந்து மழை இறங்கியதும் புல் தளதளவென்று கிளம்பும். அடிவாரத்தில், சின்னசேலம் பக்கம், மக்காச்சோளம் அறுத்த கொல்லைகளில் சிந்திய கதிர்கள் ஆட்டுக்கு விருந்து. அப்படி வயிறு புடைக்கத் தின்ற குட்டி விடிந்ததும் பட்டியில் விறைத்துக் கிடக்கும். சாகுமுன் துள்ளி விழுந்து, கழுத்தைப் பின்னுக்கு வளைத்து, காலை உதைக்கும். இந்த நோய்க்குத் துள்ளுமாரி என்ற பெயர் பொருத்தம்தான். நோஞ்சான் குட்டி தப்பிவிடும். போவது பெரும்பாலும் நன்றாகத் தின்று கொழுத்ததுதான்.

கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் என்ற பாக்டீரியா ஆட்டின் குடலில் கொஞ்சம் எப்போதும் இருக்கும். செரிக்காத மாவுச்சத்து சிறுகுடலுக்கு வழிந்துவிட்டால் அது மளமளவென்று பெருகி, எப்சிலான் என்ற நஞ்சைச் சுரக்கிறது. சுரக்கும்போது அந்த நஞ்சுக்கு வீரியம் கிடையாது. ஆட்டின் செரிமான நொதியான டிரிப்சின் அதன் நுனியை நறுக்கிய பிறகுதான் வேகம் பிடிக்கிறது. பிறகு ரத்தத்தோடு மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் போகிறது. அங்கே செல் சவ்வில் கொலஸ்ட்ரால் அடர்ந்த திட்டுகளில் 7 மூலக்கூறுகள் வளையமாகக் கூடி ஓட்டை போடுகின்றன.

கொலஸ்ட்ரால் என்றதும் நமக்கு ரத்தப் பரிசோதனைச் சீட்டுதான் நினைவுக்கு வரும். ஆனால் கொலஸ்ட்ரால் இல்லாவிட்டால் விலங்குச் செல்லின் சவ்வு கட்டுக்கோப்பாக நிற்காது. பாக்டீரியாக்களின் சவ்விலோ பொதுவாக அது இல்லை. கொலஸ்ட்ராலைத் தேடிப்போகும் நஞ்சு, சுரந்தவனைத் தொடாது!

இதே பாக்டீரியாவின் இன்னொரு நஞ்சான பெர்ஃப்ரிஞ்சோலைசினுக்குக் கொலஸ்ட்ராலே கொக்கி. பாக்டீரியா மனிதரின் புண்ணில் புகுந்து தசையை அழுகவைக்கும்போது இந்த நஞ்சும் சேர்ந்து வேலை செய்கிறது. நஞ்சின் அடிமுனையில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு அமினோ அமிலங்கள் கொலஸ்ட்ராலை அடையாளம் காண்கின்றன. சவ்வில் கொலஸ்ட்ரால் ஓர் அளவுக்குக் கீழே இருந்தால் நஞ்சு ஒட்டுவதே அரிது. அளவைத் தாண்டியதும் மொய்த்துவிடும். முப்பது நாற்பது மூலக்கூறுகள் சவ்வின்மேல் வட்டமாக நின்று, ஒன்றாகக் குனிந்து உள்ளே இறங்கும். துளையின் அகலம் 25 முதல் 30 நானோமீட்டர். புரதங்களே நுழைந்து வெளியேறலாம். செல்லுக்கு அதுவே போதும்.

துள்ளுமாரி கண்டபிறகு மருந்து கொடுக்க நேரமிருக்காது. மழைக்கு முன்பே தடுப்பூசி போடவேண்டும். 1932இல் தொடங்கிய ராணிப்பேட்டை கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் அதைத் தயாரிக்கிறது. ஊசியால் உண்டாகும் எதிர்ப்பொருள், எப்சிலான் நஞ்சு சவ்வைத் தொடுமுன் அதைப் பிடித்துக்கொள்ளும். முதன்முதலாக ஊசி போடும் குட்டிக்குச் சில வாரம் கழித்து இன்னொன்றும் தேவை. அதுவரை அறுத்த மக்காச்சோளக் கொல்லைப் பக்கம் அவிழ்த்துவிடாதீர்கள்.