தீர்ப்பு சொல்லாத ஆய்விதழ்

1936-ல் ஐன்ஸ்டைனுக்குக் கோபம் வந்தது. ஈர்ப்பு அலைகள் இல்லை என்று சக ஆய்வாளர் ரோசனுடன் சேர்ந்து எழுதிய கட்டுரையை, ‘ஃபிசிக்கல் ரிவ்யூ’ இதழ் தன்னைக் கேட்காமலே இன்னொருவரிடம் காட்டிவிட்டதாம்! கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். பெயர் மறைத்துப் பிழை சுட்டியவர் ஹோவர்ட் ராபர்ட்சன். அவர் சொன்னதுதான் சரி.

கட்டுரையை மதிப்பிடுபவர் மறைவில் இருந்தால் ஐன்ஸ்டைனையும் மறுக்கலாம். போட்டியாளரின் கட்டுரையைக் கிடப்பிலும் போடலாம்.

இந்த மதிப்பீட்டு முறைக்கான மாற்றுவழிகளில் கெட்டிக்காரத்தனமானது, ‘கார்டெக்ஸ்’ ஆய்விதழ் 2013-ல் தொடங்கியது. தரவு திரட்டும் முன்பே திட்டத்தை மதிப்பிட்டு ஏற்றுவிடுவார்கள். சொன்னபடி செய்தால், முடிவு சப்பென்று போனாலும் அச்சேறும்.

‘ஈலைஃப்’ ஆய்விதழ் 2023-ல் ஒருபடி தாண்டியது. பரிசீலனைக்கு எடுத்த கட்டுரைக்கு ஏற்பும் இல்லை, நிராகரிப்பும் இல்லை; விமர்சனத்தோடு சேர்ந்தே வெளியாகும். விளைவு? இதழ்களின் மேற்கோள் மதிப்பெண்ணான ‘இம்பாக்ட் ஃபேக்டர்’ அதனிடமிருந்து பறிபோனது.