கடல் கடந்தபின் செல்போனுக்கு ஏன் இத்தனை செலவு?

மேலநீலிதநல்லூரைப் போல் மழையை நம்பி மானாவாரி விவசாயம் செய்யும் சங்கரன்கோவில் வட்டாரத்துக் கிராமங்களிலிருந்து துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் பிழைப்புத் தேடிப் போகிறவர்களும், அங்கே வேலையிலிருக்கும் பிள்ளைகளைப் பார்த்துவரப் போகும் பெற்றோரும், விசாவிலும் பெட்டியின் எடையிலும் காட்டும் சிரத்தையில் நாலிலொரு பங்கைக்கூடத் தங்கள் செல்போன் விஷயத்தில் காட்டுவதில்லை. வெளியிடத்துக் கம்பெனியின் டவர் வழியாகச் செல்போனைப் பயன்படுத்துவதற்கு விதிக்கப்படும் ரோமிங் கட்டணம் இன்ன காரணத்தால் ஏற்படுகிறது என்று முன்னதாகத் தெரிந்துகொண்டால், அதனால் உண்டாகும் நஷ்டத்தில் பெரும்பகுதியை யாரும் தவிர்த்துவிடலாம்.

செங்கோட்டையைத் தாண்டிக் கேரளத்து ஆரியங்காவுக்குள் கால்வைத்தால், வருகிற அழைப்புக்கும் காசு கொடுக்க வேண்டியிருந்த காலத்தை நம்மில் பலர் மறந்திருக்கமாட்டார்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், 2015 மே 1 முதல் அந்தக் கட்டணத்தின் உச்சவரம்பை நிமிஷத்துக்கு 75 காசிலிருந்து 45 காசாகக் குறைத்தது. பிற்பாடு கம்பெனிகளின் போட்டியில் அது அடியோடு மறைந்தது. ஆனால் வெளிநாட்டு ரோமிங்கில் சம்பந்தப்பட்ட நம் நாட்டுக் கம்பெனியும் அந்நாட்டுக் கம்பெனியும் வெவ்வேறு அரசாங்கங்களின் சட்டத்துக்கு உட்பட்டவையாதலால், அந்தக் கட்டணம் அவ்வளவு எளிதில் மறைவதில்லை.

கட்டணம் பிறக்கும் விதம்

துபாயில் விமானம் இறங்கியதும் உயிர்பெறும் செல்போன், அவ்வூர்க் கம்பெனியின் டவரைப் பற்றிக்கொள்கிறது. அந்தக் கம்பெனி நம் நாட்டுக் கம்பெனியிடம், ‘இவர் உங்கள் வாடிக்கையாளர்தானா?’ என்று விசாரித்து, சம்மதம் கிடைத்தபின் சேவையைத் தந்து, அதற்கான தொகையை மொத்த விலையில் நம் கம்பெனியிடம் வசூலிக்க, அது தன் பங்கையும் சேர்த்து நம்மிடம் வாங்கிக்கொள்கிறது. ஊரிலிருக்கும் தாயார் மகனின் இந்திய எண்ணுக்குப் போன் போட்டால், அவருக்கு அது சாதாரண உள்நாட்டு அழைப்பே. இந்தியாவிலிருந்து துபாய்வரை அக்குரலைச் சுமந்து செல்லும் செலவு மகனின் தலையில் விழுகிறது. அதனால்தான் எடுத்துப் பேசுகிறவருக்கும் கட்டணம்.

டேட்டா என்னும் பெருஞ்செலவு

இதைவிட அபாயகரமானது டேட்டா. செல்போன் சட்டைப்பையில் சும்மா கிடக்கும்போதே, உறவினர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய கல்யாணப் படங்களை இறக்கிக்கொள்வதும் செயலிகளைப் புதுப்பித்துக்கொள்வதுமாக அது தன் காரியத்தைப் பார்த்துக்கொண்டேயிருக்கிறது. முன்னதாகவே பணம் கட்டி வாங்கும் ‘ரோமிங் பேக்’ என்னும் திட்டத்தைப் போடாதவருக்கு ஒரு எம்.பி.க்கு 100 ரூபாய் என்று உதாரணத்துக்கு வைத்துக்கொண்டாலும், 5 எம்.பி. கொண்ட ஒரே வீடியோ 500 ரூபாயை விழுங்கிவிடும். பிரீபெய்டில் கையிருப்பு தீர்ந்ததும் செலவு நிற்கும். போஸ்ட்பெய்டிலோ மாதக் கடைசியில் பில் வரும்போதுதான் சங்கதி தெரியும். தனுஷ்கோடியில் நிற்பவரின் செல்போன் சில சமயம் இலங்கைக் கம்பெனியின் சிக்னலைப் பிடித்துக்கொள்வதால், கடல் கடக்காதவரும் ஜாக்கிரதையாக இருக்கவேண்டியிருக்கிறது.

இத்தகைய நஷ்டத்தைத் தடுக்க ஐரோப்பிய யூனியன், 2010-லேயே டேட்டா செலவு 50 யூரோவை எட்டினால் இணைப்பை நிறுத்தும் ஏற்பாட்டைக் கொண்டுவந்து, 2017 ஜூன் 15 முதல் தன் உறுப்பு நாடுகளுக்கிடையே ரோமிங்குக்கென்று தனிக் கட்டணமே இல்லாதபடி செய்தது. நம் நாட்டில், வாடிக்கையாளரின் சம்மதமின்றி வெளிநாட்டு ரோமிங்கைத் திறந்துவைக்கக்கூடாதென்று டிராய் 2020-இல் சிபாரிசு செய்தது. உழைத்துச் சம்பாதிக்கும் ஏழைப் பிரயாணிக்கு இத்தகைய பாதுகாப்பு சலுகையன்று, உரிமை.

புறப்படுமுன் செய்யவேண்டியவை

திருவனந்தபுரத்திலோ மதுரையிலோ விமானம் ஏறுமுன் செட்டிங்ஸில் ‘டேட்டா ரோமிங்’கை அணைத்துவிடுவது உத்தமம். சில நாள் பிரயாணத்துக்கு ரோமிங் பேக் போதும். எந்தெந்த நாடுகளுக்கு, எத்தனை நாளைக்கு, வரும் அழைப்பும் அதில் சேர்த்தியா என்று பார்த்தே வாங்கவேண்டும். விமானத்திலும் கப்பலிலும் பெரும்பாலான பேக்குகள் செல்லா. நீண்டகாலம் தங்குகிறவர் அந்த ஊர் சிம் வாங்குவதே லாபம். ஆயினும் வங்கியின் ஓ.டி.பி. இந்திய எண்ணுக்கே வருமாதலால், அந்த எண் காலாவதியாகாமல் ரீசார்ஜ் செய்துவரவேண்டும். துபாயில் வாட்ஸ்அப் மூலம் பேசுவதற்குத் தடையிருப்பதால், அங்கே அனுமதிக்கப்பட்ட செயலி எதுவென்று வீட்டாரும் அறிந்திருப்பது அவசியம்.

இவற்றில் எதுவும் பெரிய வித்தையன்று. மேலநீலிதநல்லூரிலேயே பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் கல்லூரி இருக்கிறது. பிரயாணம் புறப்படும் பெரியவர்களின் செல்போனை வாங்கி இந்த ஏற்பாடுகளைச் செய்துகொடுப்பதை அங்கே படிக்கும் பிள்ளைகள் ஒரு கடமையாக மேற்கொள்வார்களானால், அந்தப் படிப்பால் ஊருக்கு நேரடியாக விளையும் நன்மைகளில் அதுவும் ஒன்றாகும்.