வானை மறந்த அரண்

காரைதீவிலே எங்கள் வீட்டில் ஆண்டுகள் எண்ணால் வழங்கியதில்லை. "உன்ட மூத்த மாமன் பிறந்தது யப்பான்காரன் குண்டு போட்ட வருஷம்" என்பார் அம்மம்மா. அவ்வாண்டு 1942 என்பதைப் பள்ளியில் வரலாறு கற்ற பின்னரே அறிந்தேன். குண்டு விழுந்த நகரங்களுள் ஒன்று திருகோணமலை என்பதும், அன்று மூழ்கிய பெருங்கப்பலொன்று எங்கள் மட்டக்களப்புக் கடலின் அடியிலேயே கிடக்கின்றது என்பதும் அதற்கும் பின்னரே தெரியவந்தன.

சில மாதங்களுக்கு முன் மாணவர் சிலரைத் திருகோணமலைக்கு அழைத்துச் சென்றேன். பிரடெரிக் கோட்டையின் வாயிலுள் நுழைந்தோம். கோணேசர் கோயிலை இடித்த போர்த்துக்கேயர் 1624 இல் அதன் கற்களைக் கொண்டே எழுப்பிய கோட்டை அது. பின்னர் ஒல்லாந்தர் கைக்கும், 1795 இல் ஆங்கிலேயர் கைக்கும் மாறிற்று. இன்றும் படையினர் உள்ளே தங்கியிருக்க, அடியார் அவ்வாயில் வழியே கோயிலுக்குச் செல்கின்றனர். மான்கள் மர நிழலிற் படுத்திருந்தன. மாணவன் ஒருவன் மதிலை அண்ணாந்து பார்த்து, "இத்தனை பெரிய கோட்டை இருந்தும் குண்டு எப்படி ஐயா விழுந்தது?" என்று கேட்டான்.

நல்ல கேள்வி. வள்ளுவர் அரணுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். நீரும் நிலமும் மலையும் காடும் அரணாகும் என்பது அவர் கொள்கை. திருகோணமலைக்கு இவை நான்கும் உண்டு. ஆயின் வான் அக்கணக்கில் இல்லை. வானில் தொங்கிய மதிலை எறிந்த சோழன் ஒருவனைச் சங்கப் புலவர் போற்றியதுண்டு. வானிலிருந்து மதிலுக்குள் வந்து விழும் பகையை அவரும் நினைத்திலர்.

1942 பெப்ரவரி 15 இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. அதன் பின் இந்து சமுத்திரத்தில் ஆங்கிலக் கடற்படைக்கு எஞ்சிய பெருந்துறைகளுள் திருகோணமலை முதன்மையானது. ஏப்ரல் 4 இல், கொக்கல வாவியிலிருந்து எழுந்த கற்றலினா விமானமொன்று தெற்குக் கடலில் யப்பானியக் கடற்படையைக் கண்டது. விமானி கனேடியரான லெனாட் பேர்ச்சல். செய்தி அனுப்பிக்கொண்டிருக்கையிலேயே அவர் விமானம் சுடப்பட்டது, அவர் சிறைப்பட்டார். மறுநாள் உயிர்த்த ஞாயிறு. அன்று கொழும்பு தாக்கப்பட்டது. ஏப்ரல் 6 இல் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டுகள் விழுந்தன. ஏப்ரல் 9 காலை, ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து எழுந்த ஏறத்தாழ 130 விமானங்கள் திருகோணமலைமீது பாய்ந்தன.

அந்நாளில் ஊர் வெறுங்கையோடு இருந்ததென்று எண்ணலாகாது. விமான எதிர்ப்புப் பீரங்கிகள் முழங்கின. சீனக்குடாவிலிருந்து அரிக்கேன் விமானங்கள் எழுந்து பொருதன. ஆயினும் கோட்டைகளில் நிறுவியிருந்த ஆறங்குலக் கரையோரப் பீரங்கிகள் கடலையே நோக்கி நின்றன. அவை எதிர்பார்த்த பகைக்கப்பல் துறைமுகத்தின் வாய்க்கு வரவேயில்லை. துறையில் நின்ற சாகெயிங் என்னும் கப்பல் தீப்பற்றியது. யப்பானிய விமானமொன்று எண்ணெய்த் தாங்கியொன்றன்மேல் வீழ்ந்தது. அத்தீ நாட்கணக்காய் எரிந்தது.

முன்னெச்சரிக்கை கிடைத்தமையால் முதல்நாள் இரவே பல கப்பல்கள் துறையை விட்டு அகன்றிருந்தன. அவற்றுள் ஒன்று ஏர்மிஸ். விமானந்தாங்கியாகவே வரைந்து கட்டத் தொடங்கப்பட்ட உலகின் முதற் கப்பல் அது. அன்றோ அதன் தளத்தில் ஒரு விமானமும் இல்லை. மட்டக்களப்புக்கு அப்பால் பகைவர் கண்ணிற் பட்டது. உதவி விமானங்கள் உரிய வேளையில் வந்து சேரவில்லை. சில நிமிடங்களில் 307 பேருடன் மூழ்கியது. துணைவந்த ஆத்திரேலியக் கப்பலான வம்பயரும் உடன் மூழ்கியது. உயிர் தப்பிய ஏறக்குறைய 600 பேரை வீற்றா என்னும் மருத்துவக் கப்பல் காத்தது. துறையைவிட்டு அகன்றமையாற் பிழைத்த கப்பல்களும் உண்டு. அகன்றமையாலேயே அழிந்த கப்பலும் உண்டு.

இன்று எஞ்சியவை எவை? கடற்படைத் தளத்தினுள் ஊட் கோபுர நூதனசாலையிற் பழைய பீரங்கிகளைக் காணலாம். சீனக்குடாவில் 99 எண்ணெய்த் தாங்கிகள் நிற்கின்றன. அன்று எரிந்ததன் உருகிய இரும்பும் அங்கே கிடக்கின்றது. சாகெயிங்கின் உடல் 2018 இல் நீரினின்றும் வெளிக்கொணரப்பட்டது. நிலாவெளி வீதியோரப் போர்க் கல்லறையில் முந்நூற்றுக்கு மேற்பட்டோர் உறங்குகின்றனர். ஏர்மிஸ் மாத்திரம் ஐம்பது மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்தில் மீன்களுக்கு உறைவிடமாகிக் கிடக்கின்றது.

இரும்பும் கல்லும் இன்னும் சில காலம் நிற்கும். நில்லாதது ஒன்றுண்டு. அன்று பத்து வயதுப் பிள்ளையாய் இருந்தவர்க்கு இன்று தொண்ணூறு கடந்துவிட்டது. கல்லறையிற் பெயர் பொறிக்கப்பட்டோர்க்கு உரியது அவ்வூர்ப் போர். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிய தாய்மாருக்கும் அது உரியதே. அவர்தம் நினைவுகளைக் கேட்டு எழுதிவைத்தோமா? என்னளவில் இல்லை என்றே சொல்ல வேண்டும். மொழியும் இலக்கணமும் கற்பித்த நான், அம்மம்மா இருந்த காலத்தில், அந்த ஏப்ரல் மாதத்தில் எங்கே இருந்தீர்கள், என்ன கேட்டீர்கள், யாரை நினைத்து அழுதீர்கள் என்று ஒரு நாளும் கேட்டிலேன். மாமன் பிறந்த ஆண்டைக் குறிக்கும் ஒரு வாக்கியமே எனக்கு எஞ்சியது.

கோட்டையில் அம்மாணவனுக்கு யான் கூறிய விடை இது: "அரண் எவ்வளவு சிறந்ததாயினும் உள்ளிருப்போரிடம் செயற்றிறன் இல்லையேற் பயனில்லை என்று வள்ளுவர் அவ்வதிகாரத்தை முடிக்கின்றார். நீ செய்யக்கூடிய செயல் ஒன்றுண்டு. உன் தெருவிலே அக்காலத்தை அறிந்த முதியவர் எவரேனும் இருப்பின், இந்த வாரமே சென்று கேட்டு எழுது."

அடுத்த கிழமை அவன் ஒரு கொப்பியுடன் வந்தான். இரண்டு பக்கம் எழுதியிருந்தான். எழுத்துப்பிழைகள் பல. அவற்றைத் திருத்தினேன், முதியவர் வாய்மொழியில் ஒரு சொல்லையும் தொடவில்லை.