கார்டில் இல்லாத படங்கள்

வீட்டு விசேஷத்தைப் படம்பிடித்து, ராத்திரி கண்விழித்து வெட்டி ஒட்டி, பாட்டுச் சேர்த்து, மெமரி கார்டில் ஏற்றி டிவியில் செருகுகிறோம். ஓட வேண்டியதுதானே என்று நினைக்கிறோம். ஓடாவிட்டால் டிவியைத் திட்டுகிறோம். கணக்குப் போட்டுப் பார்த்தால், அது ஓடுவதுதான் அதிசயம்.

முழு எச்டி படத்தின் ஒரு ஃப்ரேமில் அகலத்தில் 1920, உயரத்தில் 1080 என 20,73,600 புள்ளிகள் இருக்கின்றன. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று பைட் ஒதுக்கினால் ஒரு ஃப்ரேமுக்கே ஏறத்தாழ 6.2 மெகாபைட். நொடிக்கு 25 ஃப்ரேம் என்றால் 155 மெகாபைட். இந்தக் கணக்கில் 32 ஜிகாபைட் கார்டில் மூன்றரை நிமிடப் படம்கூட அடங்காது. மாப்பிள்ளை மணவறைக்கு வந்து உட்காருவதற்குள் கார்டு நிரம்பிவிடும். ஆனால் நடப்பது வேறு. நொடிக்கு ஒரு மெகாபைட் செலவில் கண்ணுக்குக் குறை தெரியாத படம் கிடைக்கிறது. அதே கார்டில் எட்டு மணி நேரத்துக்கும் மேல் கொள்கிறது. நூற்றைம்பது பங்கில் ஒரு பங்குதான் கார்டில் இருக்கிறது. மீதி அதில் எழுதப்படவே இல்லை. அதை டிவி தானே வரைந்துகொள்கிறது.

முதல் சிக்கனம் நம் கண்ணின் பலவீனத்தில் பிறக்கிறது. வெளிச்சத்தின் ஏற்ற இறக்கத்தை நுணுக்கமாகப் பார்க்கும் நம் கண், நிறத்தின் எல்லைகளை அவ்வளவு கூர்மையாகப் பார்ப்பதில்லை. எனவே வெளிச்சத்தை மட்டும் புள்ளிக்குப் புள்ளி வைத்துக்கொண்டு, நிறத்தை நான்கு புள்ளிகளுக்கு ஒன்று என்று வைக்கிறார்கள். ஒரே அடியில் அளவு பாதியாகிவிடுகிறது. யாரும் குறை சொன்னதில்லை.

இரண்டாவது சிக்கனம் கணிதம். பெங்களூரில் பிறந்து அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய நசீர் அகமது, 1972-இல் ஒரு யோசனையை எழுதி அங்குள்ள தேசிய அறிவியல் நிறுவனத்திடம் நிதி கேட்டார். கிடைக்கவில்லை. யோசனை மிக எளிமையாக இருக்கிறது என்பது மதிப்பீட்டாளர் ஒருவரின் கருத்து. அகமது விடவில்லை. தன் மாணவர் டி. நடராஜனையும் நண்பர் கே. ஆர். ராவையும் சேர்த்துக்கொண்டு 1974 ஜனவரியில் அதைச் சில பக்கக் கட்டுரையாக வெளியிட்டார். ராவ் சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர். தனித்த கொசைன் உருமாற்றம் என்ற அந்த முறையும் அதன் வழித்தோன்றல்களும் இல்லாமல் இன்று ஜேபெக் புகைப்படமும் இல்லை, டிவிடியும் இல்லை, கைபேசியில் நாம் பார்க்கும் காணொளிகளும் இல்லை. எளிமையாக இருக்கிறது என்பதை ஒரு குறையாகச் சொன்னவரை நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது.

அது செய்வது இதுதான். படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் 64 நிலையான அலை வடிவங்களின் கலவையாக எழுதுகிறது. முதல் எண் கட்டத்தின் சராசரி வெளிச்சம். அடுத்தடுத்த எண்கள் மெதுவான மாற்றத்தையும், கடைசி எண்கள் மிக நுண்ணிய மாற்றத்தையும் குறிக்கும். மணமகளுக்குப் பின்னால் இருக்கும் வெற்றுச் சுவருக்கு முதல் ஒன்றிரண்டு எண்கள் போதும், மற்றவை பூஜ்யம். பட்டுப் புடவையின் ஜரிகைக்கு இன்னும் பல எண்கள் தேவைப்படும். கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய எண்களையும் பூஜ்யமாக்கிவிடுகிறார்கள். பூஜ்யங்களின் நீண்ட வரிசையை எழுத இடமே தேவையில்லை.

மூன்றாவதுதான் பெரிய வித்தை. ஒரு ஃப்ரேமுக்கும் அடுத்ததற்கும் இடையே நொடியில் 25-இல் ஒரு பங்குதான் இடைவெளி. அதற்குள் என்ன மாறிவிடப் போகிறது? புரோகிதரின் கை கொஞ்சம் நகர்ந்திருக்கும், அவ்வளவுதான். ஆகவே நொடிக்கு ஒன்றோ சில நொடிக்கு ஒன்றோ மட்டும் முழுப் படமாக எழுதிவிட்டு, மற்றவற்றுக்கு 'இந்தக் கட்டம் முன் ஃப்ரேமில் அங்கே இருந்தது, இப்போது இவ்வளவு தள்ளி இருக்கிறது' என்ற குறிப்பு மட்டும் எழுதப்படுகிறது. எச்.264 என்ற சுருக்கும் முறையில் அந்த நகர்வு ஒரு புள்ளியின் கால் பங்கு வரை துல்லியமாக அளக்கப்படுகிறது. ரிமோட்டில் வேகமாக ஓட்டும்போது படம் தாவித் தாவிப் போவது ஏன் என்பதும் இங்கே விளங்கும்: டிவி முழுப் படங்களில் மட்டும் கால் வைத்துத் தாண்டுகிறது.

இன்னும் விசித்திரம், சில ஃப்ரேம்கள் முந்தியதை மட்டுமல்லாமல் பிந்தியதையும் பார்த்து வரையப்படுகின்றன. இதற்காகக் கோப்பில் ஃப்ரேம்கள் நாம் பார்க்கும் வரிசையில் இருப்பதில்லை. பின்னால் வரப்போவதை டிவி முதலிலேயே வரைந்து நினைவில் பத்திரப்படுத்திவிட்டு, நடுவில் உள்ளதைக் காட்டி, பிறகு அதை எடுத்துக் காட்டுகிறது. தாலி கட்டுவதை நாம் பார்ப்பதற்குள் கட்டி முடித்த படம் டிவியின் நினைவில் தயாராக இருக்கலாம்.

இந்த வித்தை தோற்கும் இடம் ஒன்று உண்டு: அட்சதை தூவும் காட்சி. நூற்றுக்கணக்கான அரிசி மணிகள், ஒவ்வொன்றும் ஒரு திசையில். எந்தக் கட்டமும் முந்தைய ஃப்ரேமில் கிடைக்காது. ஒதுக்கிய பிட்கள் போதாமல் திரை சதுரம் சதுரமாக உடைகிறது. மின்னும் சீரியல் விளக்கு, கொட்டும் மழை, எடிட்டிங் மென்பொருள்கள் இலவசமாகத் தரும் நட்சத்திரத் தூவல் எல்லாம் இதே ரகம். ஒவ்வொரு காட்சி மாற்றத்திலும் ஜிகினா எஃபெக்ட் போடும் நண்பர்களுக்கு இது ஒரு நல்ல காரணம்: ரசனைக்காக இல்லாவிட்டாலும் பிட்ரேட்டுக்காகவாவது குறைத்துக்கொள்ளலாம்.

சரி, கணினியில் ஓடிய கோப்பு டிவியில் ஏன் ஓடுவதில்லை? எம்பி4 என்ற பெயரைப் பார்த்து ஏமாறுவதுதான் முதல் காரணம். எம்பி4 ஒரு டிபன் கேரியர். ஓர் அடுக்கில் படம், ஓர் அடுக்கில் ஒலி, ஓர் அடுக்கில் எது எங்கே என்ற அட்டவணை. அடுக்குக்குள் இருப்பது 2003-இல் வந்த எச்.264 ஆகவும் இருக்கலாம், 2013-இல் வந்த எச்.265 ஆகவும் இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

கணினியில் எதையும் செய்யக்கூடிய செயலி இருக்கிறது. புதிய கோடெக், அதாவது படத்தைச் சுருக்கி விரிக்கும் முறை, வந்தால் அதற்கான நிரலை ஏற்றிக்கொள்ளும். டிவியின் பொதுச் செயலி எளியது. பட விரிப்பு வேலை முழுவதையும் அதற்கென்றே சிலிக்கானில் செதுக்கிய தனிச் சுற்று செய்கிறது. அந்தச் சுற்றில் இல்லாத கோடெக்கை டிவி பிறகு கற்றுக்கொள்ள முடியாது. அந்தச் சுற்றுக்கும் அளவு உண்டு. எச்.264-க்கு லெவல் என்று படிகள் வைத்திருக்கிறார்கள். டிவிகளில் பரவலாகக் காணப்படும் 4.1 லெவலில், முழு எச்டி படத்துக்கு நான்கு ஃப்ரேம்களை மட்டுமே நினைவில் வைத்துக்கொள்ள இடம். 'உயர்ந்த தரம்' என்று எண்ணி அந்த எண்ணிக்கையைப் பதினாறாகக் கூட்டி எக்ஸ்போர்ட் செய்தால், கணினி வாயைத் திறக்காமல் ஓட்டும். டிவி திக்கும் அல்லது மறுக்கும். நொடிக்கு 60 ஃப்ரேம் என்று வைத்தாலும் 4.1-இன் எல்லையைத் தாண்டிவிடுகிறோம். கேமராவிலிருந்து வரும் 10 பிட் நிறப் படங்களைப் பழைய எச்.264 சுற்றுகள் ஏற்பதில்லை. படம் ஓடி ஒலி வராவிட்டால் ஒலி அடுக்கைப் பாருங்கள்: டிடிஎஸ் என்ற ஒலி முறைக்கு உரிமம் வாங்காத டிவிகளில் அந்த ஒலி ஊமைதான்.

இந்த ஏற்பாட்டில் எனக்குப் பிடித்த அம்சம் ஒன்று. எச்.264 தரநிலை, படத்தை எப்படி விரிப்பது என்பதை மட்டுமே கறாராக வரையறுக்கிறது. எப்படிச் சுருக்குவது என்பதை எழுதுபவரின் சாமர்த்தியத்துக்கே விட்டுவிட்டது. அதனால் நேற்று எழுதிய புத்திசாலியான மென்பொருள் சுருக்கிய படத்தையும் பத்து ஆண்டுப் பழைய டிவி மறு பேச்சில்லாமல் காட்டும். முன்பைவிட அழகாகவும் காட்டும்.

கைபேசியில் எடுத்த படங்களில் வாயசைவும் பேச்சும் விலகிப்போவதைப் பார்த்திருப்பீர்கள். வெளிச்சம் குறைந்தால் கைபேசி ஃப்ரேம் எண்ணிக்கையைத் தானாகக் குறைத்துவிடும். சில எடிட்டிங் மென்பொருள்கள் சீரான எண்ணிக்கை என்றே எண்ணிக்கொள்ளும். முதலில் சீரான ஃப்ரேம் எண்ணிக்கைக்கு மாற்றிவிட்டு எடிட்டில் உட்காருவது நல்லது.

கார்டின் கதையும் லேசானதல்ல. ஃபிளாஷ் நினைவகத்தை உருவாக்கியவர் ஜப்பானின் தோஷிபாவில் இருந்த ஃபுஜியோ மசுவோகா. இன்றைய கார்டுகளின் நாண்ட் வகை 1987-இல் வெளிவந்தது. சுற்றிலும் மின்காப்புச் சுவர் எழுப்பிய நுண்ணிய அறைக்குள் எலக்ட்ரான்களை அடைத்து வைப்பதுதான் அதில் எழுதுவது. கதவே கிடையாது. குவாண்டம் விதிகள் அனுமதிப்பதால் எலக்ட்ரான் சுவரை ஊடுருவிப் போகிறது. அதைத் தள்ள 20 வோல்ட் அளவுக்கு அழுத்தம் வேண்டும். கார்டுக்கு வெளியிலிருந்து கிடைப்பதோ 3.3 வோல்ட். நகத்தளவு சில்லு தனக்குள்ளேயே மின்னழுத்தத்தை ஏற்றிக்கொள்கிறது. இன்றைய கார்டுகள் பலவற்றில் ஒரே அறையில் எட்டு வெவ்வேறு அளவு மின்னூட்டங்களை வேறுபடுத்தி மூன்று பிட்களை வைக்கிறார்கள்.

சில டிவிகளில் கார்டு செருகத் துளையே உண்டு. பெரும்பாலானவற்றில் யுஎஸ்பி கார்டு ரீடர்தான் வழி. செருகியும் டிவி கண்டுகொள்ளாவிட்டால் கோப்பு முறைமையைச் சந்தேகிக்கலாம். 32 ஜிகாபைட் வரையுள்ள கார்டுகள் பொதுவாக ஃபேட்32 முறையில் வருகின்றன. அதற்கு மேற்பட்டவை எக்ஸ்ஃபேட். பழைய டிவிகள் பல எக்ஸ்ஃபேட்டைப் படிக்காது. ஃபேட்32-க்கு ஒரு வியாதி: கோப்பின் அளவை எழுத 32 பிட்தான் ஒதுக்கியிருக்கிறார்கள், ஆகவே ஒரு கோப்பு 4,29,49,67,295 பைட்டைத் தாண்ட முடியாது. கார்டில் பாதி காலியாக இருந்தும் 'கோப்பு மிகப் பெரியது' என்று கணினி மறுப்பது இதனால்தான். நீண்ட கல்யாணப் படத்தைப் பாகம் பாகமாகப் பிரித்தால் தீர்ந்தது.

தமிழ்த் துணைவரி (சப்டைட்டில்) போடுகிறவர்களுக்கு ஒரு சொல். தனிக் கோப்பாக வைத்தால் பல டிவிகளில் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். தமிழ் எழுத்துரு இருந்தாலும் போதாது. 'கொ' என்பது கோப்பில் ககரமும் ஒகரக் குறியுமாகத்தான் இருக்கும்; அந்தக் குறியைப் பிளந்து ஒரு பாதியை முன்னும் மறு பாதியைப் பின்னும் வைக்கத் திரையில் எழுதும் மென்பொருளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எழுத்தைப் படத்தோடு சேர்த்தே எக்ஸ்போர்ட் செய்துவிடுங்கள். ஓரத்தில் வைக்காதீர்கள், படத்தின் விளிம்பைச் சற்றே வெட்டிக் காட்டும் படக்குழாய்க் காலத்துப் பழக்கம் சில டிவிகளில் இன்னும் இருக்கிறது.

பெரியப்பா வீட்டு டிவி, மாமா வீட்டு டிவி என்று எங்கே செருகினாலும் ஓட வேண்டுமானால் அடக்கமாகக் கேளுங்கள்: எச்.264, லெவல் 4.1, 8 பிட் நிறம், நொடிக்கு 25 அல்லது 30 சீரான ஃப்ரேம், நொடிக்குப் பத்து மெகாபிட் அளவில் பிட்ரேட், ஏஏசி ஸ்டீரியோ ஒலி, எம்பி4 உறை. ஹேண்ட்பிரேக் போன்ற இலவச மென்பொருளே இதைச் செய்துதரும். எலக்ட்ரான்கள் அந்த அறைகளிலிருந்து ஆண்டுக்கணக்கில் மெல்லக் கசியும் என்பதால், டிவியில் காட்டிய கார்டையே ஒரே பிரதியாக வைக்காதீர்கள். எடிட் செய்த கோப்பையும் எடுத்த மூலப் படங்களையும் ஹார்டு டிஸ்க்கில் இன்னொரு பிரதி போட்டுவிட்டு, பிறகு கார்டை யாருக்கு வேண்டுமானாலும் கொடுங்கள்.