இரவில் அமுக்குவது எது?



நள்ளிரவிலோ விடியும் நேரத்திலோ விழிப்பு வருகிறது. கண் திறக்கிறது, கை கால் அசையவில்லை. கூப்பிட நினைத்தாலும் குரல் எழவில்லை. நெஞ்சின் மேல் யாரோ உட்கார்ந்திருப்பது போலவும், அறையின் மூலையில் யாரோ நிற்பது போலவும் தோன்றுகிறது. ஓரிரு நிமிடத்தில் எல்லாம் விலகிவிடும்; பயம் மட்டும் பல நாள் நிற்கும். ஊரில் இதை 'அமுக்குவான் பேய்' என்பார்கள். நம் வீடுகளில் 'ஜின் அமுக்குகிறது' என்பார்கள். பிள்ளைகளுக்கு இப்படி நேர்கிறது என்று நம் அறக்கட்டளையில் வந்து கேட்கும் தாய்மார்கள் உண்டு. அதனால் இந்த விளக்கம்.

நம் உறக்கம் இரவு முழுவதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஏறத்தாழ 90 நிமிடத்துக்கு ஒரு சுற்று என நான்கைந்து சுற்றுகள் நடக்கின்றன. ஒவ்வொரு சுற்றிலும் மூடிய இமைக்குள் கண்கள் வேகமாக அசையும் ஒரு கட்டம் வரும். 1953-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் அசெரின்ஸ்கி, கிளைட்மன் இருவரும் இதைப் பற்றி எழுதினார்கள். தெளிவான கனவுகள் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் வருகின்றன. கனவில் ஓடுகிறவர் படுக்கையிலிருந்து எழுந்து ஓடிவிடாதபடி, அப்போது மூளை உடலின் தசைகளைத் தளர்த்திக் கட்டிவைக்கிறது. கண்களும் மூச்சு விடும் தசையும் மட்டும் இயங்கும். இது அல்லாஹ் வைத்த பாதுகாப்பு. சில வேளை இந்தக் கட்டு அவிழும் முன்பே அறிவு விழித்துவிடுகிறது. உடல் இன்னும் உறக்கத்தில், கனவின் மிச்சம் கண் முன்னே. அதுதான் அந்த அமுக்கம். நூறு பேரில் ஏறத்தாழ எட்டுப் பேருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது இது நேர்கிறது. உயிருக்கு ஆபத்தில்லை.

இது மேற்கத்தியர் புதிதாகச் சொன்னதும் அல்ல. அரபியில் இதற்குக் 'காபூஸ்' என்று பெயர். பத்தாம் நூற்றாண்டில் புகாராவைச் சேர்ந்த மருத்துவர் அல்-அகவைனி இதை நோயாகவே எழுதி, வயிற்றிலிருந்து மூளைக்கு ஏறும் ஆவி காரணம் என்றார். அந்தக் காரணம் இன்று ஏற்கப்படுவதில்லை. ஆனால் ஜின்களை நம்பிய ஒரு முஸ்லிம் மருத்துவரே இதற்கு உடலில் காரணம் தேடினார் என்பது கவனிக்க வேண்டியது. ஜின்கள் உண்டு என்பது நம் ஈமான். அதற்காக நமக்கு நேர்வதெல்லாம் ஜின்னின் வேலை என்று மார்க்கம் சொல்லவில்லை. கனவுகளிலேயே அல்லாஹ்விடமிருந்து வரும் நற்செய்தி, ஷைத்தானின் அச்சுறுத்தல், மனிதனின் மனம் பேசுவது என மூன்று வகை உண்டென்று நபி (ஸல்) அவர்கள் பிரித்துக் காட்டினார்கள்.

தூக்கம் குறைந்தால், நேரம் தவறிப் படுத்தால், மனக்கவலை கூடினால், மல்லாந்து படுத்தால் அமுக்கம் அதிகம் வரும். முகூர்த்த மாதத்தில் தறியிலும் கடையிலும் பின்னிரவு வரை வேலை செய்பவர்களும், செல்போனோடு விழித்திருக்கும் பிள்ளைகளும் இதைக் கவனிக்க வேண்டும். இஷாவுக்குப் பின் வீண்பேச்சைத் தவிர்ப்பதும், ஒளூவுடன் வலப்பக்கம் ஒருக்களித்துப் படுப்பதும் நமக்குத் தெரிந்த சுன்னத்துகள்தாம். அமுக்கம் வந்தால் திமிறாமல், மனதுக்குள் திக்ரு செய்துகொண்டு, ஒரு விரலை மட்டும் அசைக்க முயலுங்கள். அடிக்கடி வந்தாலோ, பகலில் அடக்க முடியாத தூக்கம் சேர்ந்தாலோ, தூக்கத்தில் உடல் வெட்டி இழுத்து நாக்கைக் கடித்தாலோ மருத்துவரிடம் செல்லுங்கள்.

அமுக்கம் தானாக விலகும். தானாக விலகாத நிலைகளும் உண்டு. பல இரவுகள் தூக்கமே இல்லாமல் போவது, விழித்திருக்கும்போதே காதில் குரல் கேட்பது, வீட்டாரையே சந்தேகிப்பது, குளிக்காமல் உண்ணாமல் ஒதுங்குவது ஆகியவை மனநோயின் அடையாளங்களாக இருக்கலாம். இவற்றையும் ஜின் என்று முடிவு கட்டிக் காலம் கடத்தினால் என்ன ஆகும் என்பதை ஏர்வாடி நமக்குக் காட்டியது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் அங்கே ஒரு தனியார் காப்பகத்தின் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் உயிரிழந்தார்கள். அவர்களைக் குடும்பங்கள் குணம் வேண்டித்தான் அங்கே கொண்டுபோய் விட்டிருந்தன. பின்னாளில் அதே ஏர்வாடி தர்காவில் துஆவோடு மருந்தும் கொடுக்கும் 'தவா–துஆ' திட்டம் வந்தது. மனநோயாளியைச் சங்கிலியில் கட்டுவதை 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்கிறது.

உறங்குபவர் விழிக்கும் வரை, சிறுவர் பருவமடையும் வரை, புத்தி பேதலித்தவர் தெளியும் வரை இம்மூவர் மீதும் எழுதுகோல் உயர்த்தப்பட்டுள்ளது என்பது நபிமொழி. அல்லாஹ்வே குற்றம் எழுதாத ஒருவரை நாம் அடிக்கவும் கட்டவும் மறைத்துவைக்கவும் நமக்கு என்ன உரிமை?

ஓதிப் பார்ப்பதை நாங்கள் தடுக்கவில்லை. ஓதுங்கள், துஆ செய்யுங்கள். நோய்க்கு மருந்து தேடச் சொன்னவர்களும் நபி (ஸல்) அவர்களே. நம் அரசு தலைமை மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். பெண் பிள்ளைக்கு வரன் தடைபடுமே என்று தயங்கும் பெற்றோர் நம் அலுவலகத்துக்கு வாருங்கள்; விஷயம் வெளியே போகாது, உடன் வர ஆளும் தருவோம்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் நிம்மதியான உறக்கத்தையும் ஆஃபியத்தையும் தருவானாக. ஆமீன்.