6 அடி உயரமா? முதல் பைக் வாங்கப் போறீங்களா? ஓசூர் - கிருஷ்ணகிரி இளைஞர்கள் கவனிக்க வேண்டியவை என்ன?

ஓசூர் சிப்காட்டில் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் சாலையோரம் நின்று பார்த்தால் ஒரு காட்சி கண்ணில் படும். வரிசையாகப் போகும் பைக்குகளுக்கு நடுவே சிலர் மட்டும் சின்னப் பிள்ளையின் சைக்கிளில் பெரியவர் உட்கார்ந்தது போல, முழங்கால் மடங்கி, முதுகு வளைந்து போய்க்கொண்டிருப்பார்கள். வண்டியில் குறை எதுவும் இருக்காது. அவர்களுடைய உயரத்துக்கு அது பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

இத்தனைக்கும் இது டூவீலர்களின் ஊர். 1980-ல் டிவிஎஸ் 50 மொபெட் வெளிவந்தது ஓசூர் ஆலையிலிருந்துதான். ஜெர்மனியின் பிஎம்டபிள்யூ நிறுவனத்தோடு 2013-ல் டிவிஎஸ் கைகோத்த பிறகு, ஜி 310 பைக்குகளும் இங்கே தயாராகின. ஏத்தர் ஆலை ஓசூரிலும், ஓலா எலக்ட்ரிக் ஆலை போச்சம்பள்ளி பக்கத்திலும் இருக்கின்றன.

ஆனாலும் 6 அடி உயரமுள்ள ஒருவர் "முதல் பைக் எது வாங்கலாம்?" என்று கேட்டால், பெரும்பாலும் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "நல்ல ஹைட்டா இருக்கீங்க, பெரிய வண்டியா எடுங்க." புதிதாக ஓட்டக் கற்பவரைச் சிக்கலில் மாட்டிவிடும் அறிவுரை இது. உயரமான வண்டி வேறு, கனமான வண்டி வேறு, பவர் அதிகமான வண்டி வேறு. மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதில்தான் தப்பு ஆரம்பிக்கிறது.

ஏன் இந்தப் பிரச்னை?

இந்தியாவில் தினசரி பயன்பாட்டுக்கு விற்கும் பெரும்பாலான பைக்குகளின் இருக்கை உயரம் 780 முதல் 800 மி.மீ. வரைதான். சிக்னலில் நிற்கும்போது பெரும்பாலானவர்களின் கால் தரையில் எட்ட வேண்டும் என்பதற்காக அப்படி வடிவமைக்கிறார்கள். சராசரி உயரம் உள்ளவர்களுக்கு அது வசதி. 6 அடி, அதாவது 183 செ.மீ. உயரம் உள்ளவருக்கு அதுவே தொல்லை.

10 நிமிடப் பயணத்தில் இது தெரியாது. ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி வழியாக எலக்ட்ரானிக் சிட்டிக்கு சுமார் 20 கி.மீ. தினமும் போய் வருபவருக்கு ஒரே மாதத்தில் தெரிந்துவிடும். முழங்கால் வலி, இடுப்பு வலி, தோள்பட்டை இறுக்கம் என்று ஒவ்வொன்றாக வரும். அதற்குள் இஎம்ஐ தொடங்கியிருக்கும். வண்டியை விற்றாலும் போட்ட காசு முழுதாகத் திரும்ப வராது.

வீட்டிலேயே அளப்பது எப்படி?

ஷோரூமுக்குப் போகும் முன் ஒரு டேப் இருந்தால் போதும். வேலைக்குப் போடும் ஷூவை மாட்டிக்கொண்டு சுவரில் முதுகு படும்படி நேராக நில்லுங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கால்களுக்கு நடுவே, கவட்டை வரை மேலே தூக்கிப் பிடியுங்கள். புத்தகத்தின் மேல் விளிம்பிலிருந்து தரை வரை அளந்தால் அதுதான் உங்கள் உள்கால் அளவு.

6 அடி உயரம் உள்ள பலருக்கு இது 84 முதல் 88 செ.மீ. வரை வரும். ஒரே உயரமுள்ள இருவருக்கும் இது ஒரே அளவாக இருக்காது. ஒருவருக்குக் கால் நீளம், இன்னொருவருக்கு உடம்பு நீளம். கால் நீளமானவர் இருக்கைக்கும் ஃபுட்ரெஸ்டுக்கும் உள்ள இடைவெளியைப் பார்க்க வேண்டும். உடம்பும் கையும் நீளமானவர் ஹேண்டில்பார் எவ்வளவு தூரத்தில், எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

இருக்கை உயரம் மட்டும் பார்த்தால் போதுமா?

போதாது. தரைக்கும் இருக்கைக்கும் உள்ள உயரம், வண்டி நிற்கும்போது உதவும் கணக்கு. வண்டி ஓடும்போது முக்கியம், இருக்கைக்கும் ஃபுட்ரெஸ்டுக்கும் உள்ள தூரம். முழங்கால் எவ்வளவு மடங்கும் என்பதை அதுதான் முடிவு செய்கிறது. விளம்பர நோட்டீஸில் இந்த அளவைப் பொதுவாகப் போடுவதில்லை. உட்கார்ந்துதான் தெரிந்துகொள்ள முடியும்.

ஸ்போர்ட்ஸ் பைக்குகளில் இருக்கை உயரமாக இருந்தாலும் ஃபுட்ரெஸ்ட் மேலேயும் பின்னாலேயும் இருக்கும். ஹேண்டில் தாழ்வாக இருக்கும். 6 அடி ஆள் அதில் உட்கார்ந்தால் கால் இன்னும் அதிகமாக மடங்கும். க்ரூஸர் வகையில் இருக்கை தாழ்வாக இருந்தாலும் ஃபுட்ரெஸ்ட் முன்னால் இருப்பதால் காலை நீட்ட முடியும். ஆனால் பள்ளத்தில் இறங்கும்போது உடம்பின் எடையைக் காலில் தாங்க முடியாமல், அதிர்ச்சி நேராக முதுகெலும்புக்குப் போகும். உயரமான இருக்கை, அகலமான ஹேண்டில், கீழே இருக்கும் ஃபுட்ரெஸ்ட் என்று மூன்றும் சேர்ந்து வருவது அட்வென்ச்சர் வகை பைக்குகளில்தான். உயரமானவர்களுக்கு அவை பெரும்பாலும் பொருந்துவதற்குக் காரணம் இதுதான்.

உயரம் வேறு, பவர் வேறு: எண்கள் சொல்வது என்ன?

பிரபலமான சில பைக்குகளின் இருக்கை உயரமும் எடையும் (சுமாராக):

• ஹீரோ ஸ்ப்ளெண்டர் பிளஸ்: 785 மி.மீ., 112 கிலோ
• டிவிஎஸ் ரைடர் 125: 780 மி.மீ., 123 கிலோ
• டிவிஎஸ் அப்பாச்சி ஆர்டிஆர் 160 4வி: 800 மி.மீ., 145 கிலோ
• ராயல் என்ஃபீல்டு ஹண்டர் 350: 790 மி.மீ., 181 கிலோ
• ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350: 805 மி.மீ., 195 கிலோ
• ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி: 825 மி.மீ., 160 கிலோ
• சுசூகி வி-ஸ்ட்ரோம் எஸ்எக்ஸ்: 835 மி.மீ., 167 கிலோ
• டிவிஎஸ் அப்பாச்சி ஆர்டிஎக்ஸ் 300: 835 மி.மீ., 180 கிலோ
• ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450: 825 மி.மீ., 196 கிலோ

மாடலுக்கும் ஆண்டுக்கும் ஏற்ப இவை கொஞ்சம் மாறும். வாங்கும் முன் ஷோரூமில் சரிபார்ப்பது நல்லது.

இந்தப் பட்டியலில் இரண்டு விஷயங்களைக் கவனிக்கலாம். முதலாவது, "பெரிய வண்டி" என்று பெயர் எடுத்த ஹண்டரின் இருக்கைக்கும் ஸ்ப்ளெண்டரின் இருக்கைக்கும் 5 மி.மீ.தான் வித்தியாசம். எடையிலோ சுமார் 70 கிலோ வித்தியாசம்.

இரண்டாவது, கடைசி நான்கு பைக்குகளின் இருக்கை உயரமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் எக்ஸ்பல்ஸ் 200-ன் சக்தி சுமார் 19 குதிரைத்திறன். வி-ஸ்ட்ரோமுக்கு 26, ஆர்டிஎக்ஸுக்கு 36, ஹிமாலயனுக்கு 40. ஒரே உயரத்துக்கு இரண்டு மடங்கு பவர். இதில் 19-க்கும் 26-க்கும் இடையில் இருப்பவற்றோடு ஆரம்பிப்பதுதான் புதியவருக்கு நல்லது. உயரத்துக்காக அதிக பவருக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை.

எடையும் அப்படித்தான். பைக் நிதானமாக நகரும்போதும், யூ-டர்ன் போடும்போதும், பார்க்கிங்கில் தள்ளும்போதும்தான் புதியவர்கள் அதிகம் கீழே போடுவார்கள். கால் நன்றாக எட்டினாலும், சரியத் தொடங்கிய 195 கிலோ வண்டியைப் பிடித்து நிறுத்துவது பழகாதவருக்குக் கஷ்டம்.

எந்தப் பாதையில் ஓட்டப் போறீங்க?

சிப்காட்டுக்குள்ளேயே தங்கி, தினம் 5 - 10 கி.மீ. மட்டும் ஓட்டுபவருக்கு அப்பாச்சி 160 போன்ற, நிமிர்ந்து உட்காரும் 150 - 160 சிசி பைக் போதும். மைலேஜும் கிடைக்கும், விலையும் குறைவு.

கிருஷ்ணகிரி - சூளகிரி - ஓசூர் வழியில், தேசிய நெடுஞ்சாலை 44-ல் தினமும் போகிறவர் கணக்கு வேறு. லாரிகளும் கண்டெய்னர்களும் பக்கத்தில் கடக்கும்போது காற்று தள்ளும். உயரமானவரின் நெஞ்சும் தோளும் அதிகக் காற்றைத் தாங்கும் என்பதால், ரொம்ப லேசான 110 சிசி வண்டி ஆடும். அங்கே 160 கிலோவை ஒட்டிய எடையும், நல்ல பிரேக்கும், ஏபிஎஸ்ஸும் தேவை. 125 சிசிக்கு மேற்பட்ட புதிய பைக்குகளில் ஏபிஎஸ் கட்டாயமாக வரும்.

தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கம் மலைப்பாதையில் போகிறவர்களுக்கு உயரமான சஸ்பென்ஷன் உள்ள பைக் இரட்டை லாபம். பள்ளம் மேட்டுக்கும் தாங்கும், காலுக்கும் இடம் கிடைக்கும்.

ஷோரூமில் சோதிக்க வேண்டிய 5 விஷயங்கள்

1. உட்கார்ந்து இரண்டு காலையும் ஃபுட்ரெஸ்டில் வையுங்கள். முழங்கால் 'எல்' எழுத்து போல 90 டிகிரிக்கும் குறைவாக மடங்கினால் அந்த வண்டி வேண்டாம்.

2. ஹேண்டிலை இடது கடைசி, வலது கடைசி வரை திருப்புங்கள். முழங்காலில் இடித்தால் யூ-டர்ன் போடும்போது ஆபத்து.

3. வேலைக்குப் போடும் சேஃப்டி ஷூவோடு போங்கள். முன்பக்கம் இரும்பு வைத்த 10, 11 நம்பர் ஷூ கியர் லீவருக்கு அடியில் நுழையாமல் போகலாம். செருப்போடு ஓட்டிப் பார்த்து வாங்கியவர்கள் பிறகு கஷ்டப்படும் இடம் இது. லீவரின் உயரத்தைக் கொஞ்சம் மாற்றித் தர முடியுமா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள்.

4. தொடை டேங்கின் பள்ளத்தில் சரியாகப் பொருந்துகிறதா பாருங்கள். டேங்குக்கு வெளியே முழங்கால் விரிந்து நின்றால் பிரேக் போடும்போது வண்டியை இறுக்கிப் பிடிக்க முடியாது.

5. லைசென்ஸ் இருந்தால் குறைந்தது 20 நிமிடம் ஓட்டிப் பாருங்கள். இல்லாவிட்டால் 10 நிமிடம் அசையாமல் உட்கார்ந்து பாருங்கள். கூட்ட நேரத்தைத் தவிர்த்து, வார நாளில் போனால் யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள்.

வாங்கிய வண்டியை மாற்றி அமைக்கலாமா?

சின்னச் சின்ன வழிகள் உண்டு. இருக்கையில் கூடுதல் ஃபோம் வைத்து 2, 3 செ.மீ. உயர்த்தலாம். சில ஆயிரத்தில் முடியும் வேலை, காலின் மடிப்பும் குறையும். பின்பக்க ஷாக் அப்சார்பரில் உள்ள அட்ஜஸ்ட்மென்ட்டைக் கொஞ்சம் இறுக்கினால், எடை கூடியவர் உட்காரும்போது வண்டி அதிகம் அமுங்காது.

ஆனால் ஹேண்டில்பாரையே மாற்றுவது, ஃபுட்ரெஸ்ட்டை வெல்டிங் செய்து இறக்குவது எல்லாம் வேண்டாம். தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு கட்டுப்படுத்துகிறது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் க்ளெய்மிலும் சிக்கல் வரலாம். வெல்டிங் விட்டுப்போனால் இழப்பு பணத்தோடு நிற்காது.

பெங்களூருவில் செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா?

எல்லையோர ஊர்களில் அடிக்கடி வரும் கேள்வி இது. புதிதாக ஓட்டுபவர் ஓரிரு முறை கீழே போடுவது சகஜம் என்பதால், பழைய வண்டியில் ஆரம்பிப்பது புத்திசாலித்தனம்தான். ஆனால் கேஏ நம்பர் வண்டியை வாங்கி அப்படியே ஓட்டிக்கொண்டிருக்க முடியாது. அங்குள்ள ஆர்டிஓவிடம் என்ஓசி வாங்கி, இங்கே வரி கட்டி, ஓசூர் என்றால் டிஎன் 70, கிருஷ்ணகிரி என்றால் டிஎன் 24 பதிவுக்கு மாற்ற வேண்டும். வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருக்கும் வண்டிக்குப் புதிய பதிவு எண் வாங்க வேண்டும் என்பது சட்டம். விலை பேசும்போதே இந்தச் செலவையும், வண்டி மேல் ஃபைனான்ஸ் பாக்கி இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

புது வண்டி என்றால் இன்னொரு கணக்கு. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான பைக்குகளுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு மேல் போனால் 40 சதவீதம். தமிழ்நாட்டில் சாலை வரி, வண்டி விலை 1 லட்சம் வரை 10 சதவீதம், அதற்கு மேல் 12 சதவீதம். அதாவது, புதியவருக்குத் தேவையில்லாத பெரிய இன்ஜின்தான் வரியிலும் அதிகம் கடிக்கிறது.

கடைசியாக ஒன்று

கியர் பைக்குக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். எல்எல்ஆர் 6 மாதம் செல்லும், 30 நாள் கழித்து டெஸ்ட்டுக்குப் போகலாம். அதுவரை 'எல்' போர்டு கட்டாயம், நண்பரைப் பின்னால் ஏற்றக் கூடாது. அந்த 30 நாளை நண்பர்களின் வெவ்வேறு வண்டிகளில் உட்கார்ந்து பார்க்கப் பயன்படுத்திக்கொள்ளலாம். எதில் கால் மடங்காமல் இருக்கிறது, எதைத் தனியாகத் தள்ளி நிறுத்த முடிகிறது என்பது அதற்குள் பிடிபட்டுவிடும். இரண்டுக்கும் "ஆமாம்" என்று பதில் வரும் வண்டிதான் உங்கள் முதல் பைக்.