பழைய காலணாவை எடைக்குப் போடலாமா? சட்டம் சொல்வது என்ன?

போடிநாயக்கனூரில் பழைய வீட்டுப் பரணைச் சுத்தம் பண்ணும்போது ஒரு டப்பா காலணா கிடைக்குதுன்னு வைங்க. பாத்திரக்கடையில் எடைக்குப் போடலாமா?

எவ்வளவு தேறும்?
1906-க்குப் பிறகு வந்த ஜார்ஜ் மன்னர் காலணா சுத்தச் செம்பு இல்லை, வெண்கலம். ஒன்று சுமார் 4.86 கிராம். ஒரு கிலோ சேரவே சுமார் 206 காசு வேண்டும்.

உருக்கினால் குற்றமா?
2011 நாணயச் சட்டம் இப்போது செல்லும் காசுகளுக்கானது. 50 பைசா, ஒரு ரூபாயை உருக்கினால் 7 ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. செல்லாத காலணா இதில் வராது.

மண்ணில் கிடைத்தால்?
குரங்கணிப் பக்கம் ஏலத்தோட்டத்தில் குழி வெட்டும்போது காசுப்பானை தட்டுப்பட்டால் கதையே வேறு. 1878 புதையல் சட்டப்படி, மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே தேனி கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும்.

'லட்சம் தர்றோம்' என்றால்?
ரிசர்வ் வங்கி பெயரில் கமிஷன், வரி கேட்டால் மோசடி. 2021 ஆகஸ்டிலேயே வங்கி எச்சரித்துவிட்டது. முன்பணம் கட்டாதீங்க.

முக்கியமாக, பளபளப்புக்காகப் புளி போட்டுத் தேய்க்காதீங்க. தேய்த்த காசுக்குச் சேகரிப்பாளர்கள் விலையைக் குறைப்பார்கள். ஆண்டைப் பார்த்து, விவரம் தெரிந்தவரிடம் காட்டிய பிறகு தராசில் வைப்பதைப் பற்றி யோசிக்கலாம்.